பெயருக்கு முன்னால் ஊர்

மதுரைக்கு அருகே வைகைக் கரையில் பரவை என்றோர் ஊர். முனியம்மா பாடிப் பாடி அதற்குப் புகழ் தேடித் தந்தார். 2020-ல் அவர் மறைந்தபோதும் ஊர்ப் பெயர்தான் முன்னே நின்றது. பாட்டுக்கு மட்டுமா இந்த வழக்கம்? சடுகுடுவுக்கும் உண்டு.

சடுகுடுவுக்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் ஒரு கோடு. நெஞ்சு நிறைய மூச்சு. எதிரே நிற்பது அடுத்த ஊர். தோற்றால் தோற்பது ஏழு பேர் அல்ல, ஊர்.

அயர்லாந்திலும் இப்படித்தான். 1884-ல் தர்ல்ஸ் நகரில் தோன்றிய சங்கம் அந்நாட்டின் சொந்தக் கால்பந்தை வளர்த்தது. ஒரு மாதா கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஓர் அணி. ஆடுகிறவனுக்கு இன்றுவரை சம்பளம் கிடையாது.

நம் ஆட்டம் வேறு வழி போயிற்று. கபடி என்ற பெயரில் 1990-ல் பீஜிங் ஆசிய விளையாட்டில் இடம் பிடித்தது. 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்றவர்களில் மணத்தி கணேசன் ஒருவர். தூத்துக்குடிச் சீமையின் மணத்தியும் அவரோடு ஜப்பான் போய் வந்தது.

2014-ல் ஏலம் வந்தது. நகரங்கள் ஆட்டக்காரர்களை விலைக்கு எடுத்தன. வரட்டும், பசித்த வயிறு எத்தனை நாள் ஊர் மானத்தைச் சுமக்கும்? ஆனால், மூச்சுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த வயலுக்கு அந்த ஏலத்தில் பேர் இல்லையே!