அறையறிந்து கருவி கொள்ளுதல்

திரைப்படம் காண்பதற்கென்றே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கும் வழக்கம் பெங்களூரில் இன்று பெருகி வருகிறது. அடுக்குமாடி வீடு வாங்குவோர், பூசையறை, படிப்பறை என்று திட்டமிடுவதைப் போலவே, பெரிய திரையும் சுற்றிலும் ஒலியெழுப்பும் சாதனங்களும் அமைந்த ஓர் அறையையும் மனத்தில் வரைந்து கொள்கிறார்கள். மக்கள் இதனை ‘ஹோம் தியேட்டர்’ என்கிறார்கள். இல்லத் திரையரங்கு என்று நாம் சொல்லலாம். இதற்கு எத்தகைய ஒலிச்சாதனம் வாங்குவது என்ற ஆலோசனை எழும்போது, எத்தனை வாட், எத்தனை ஸ்பீக்கர், என்ன விலை என்பனவே முதலில் கேட்கப்படுகின்றன. ஆனால், ஒலியை வீட்டிற்குள் கொண்டுவர மனிதன் பட்ட பாட்டின் வரலாற்றைப் பார்த்தால், கேட்க வேண்டிய முதற்கேள்வி வேறு என்பது புலனாகும். அறையே முதற்கருவி, கடையில் வாங்கும் கருவி அதற்கு அடுத்ததே.

வினையாற்றுவதற்கு முன் இடத்தை அறிய வேண்டும் என்பதற்காக வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். போருக்கும் அரசியலுக்கும் அவர் வகுத்த அந்நெறி, இசைக்கும் பேச்சுக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

தென்னாட்டில் வானொலி தோன்றியபோது அது வீட்டிற்குரிய பொருளாக இருக்கவில்லை. 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முடையால் அது நின்றுபோன பின், 1930இல் சென்னை நகராட்சி அப்பணியை ஏற்றது. கடற்கரையிலே நிறுவப்பட்ட ஒலிபெருக்கிகளின் கீழ் மக்கள் திரளாக அமர்ந்து கேட்டனர். மைசூரிலோ 1935இல் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தை நிறுவினார். அதற்கு இடப்பட்ட ‘ஆகாசவாணி’ என்னும் பெயரே பின்னர் அகில இந்திய வானொலிக்கும் உரியதாயிற்று. பெங்களூரில் அகில இந்திய வானொலியின் நிலையம் 1955இல் அமைந்தது. ஒரு வீட்டிலிருந்து புறப்பட்ட குரல் நாடெங்கும் சென்றது. நாடெங்குமுள்ள குரல்கள் ஒவ்வொரு வீட்டிற்குள்ளும் வந்தன.

அதே மைசூரில் இசையை வீட்டிற்கு வரவழைப்பதில் ஈடிணையற்ற ஆர்வம் காட்டியவர் மன்னர் ஜயசாமராஜ உடையார். கருநாடக இசையில் பல கீர்த்தனைகளை இயற்றிய அவர், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் இருந்தவர். மேலைநாட்டு இசையிலும் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. அவரிடம் ஏறத்தாழ 20,000 இசைத்தட்டுகள் இருந்தன என்பது அந்நாளைய மதிப்பீடு. ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்டு ஸ்ட்ராஸ் இறுதியாக இயற்றிய நான்கு பாடல்கள் 1950ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் முதன்முதலாக அரங்கேறின. அந்நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் அளித்தவர் மைசூர் மன்னர். அவரால் நேரில் செல்ல இயலவில்லை. ஆதலால் அரங்கேற்றம் பதிவு செய்யப்பட்டு மைசூருக்கு அனுப்பப்பட்டது. ஒரு மாலை நேரத்து இசையைத் தம் அறைக்குக் கொண்டுவர ஓர் அரசர் இவ்வளவு செய்தார்.

எனினும், அந்நாளைய வீட்டு இசைத்தட்டு எத்தகையது? அதில் மூன்று குறைகள் இருந்தன. ஒலி முழுவதும் ஒரே வழியாக வந்தமையால் திசை தெரியவில்லை. பாட்டோடு கூட இரைச்சலும் கேட்டது. மூன்றாவதாக, ஒரு மண்டபத்துக்குரிய இசை வேறோர் அறையில் ஒலித்தபோது அந்த அறை தன் குணத்தையும் அதன்மேல் ஏற்றியது. இம்மூன்று குறைகளும் நீங்கிய கதையே இல்லத் திரையரங்கின் கதை.

முதலாவது குறையை நீக்கியவர் ஆங்கிலப் பொறியியலறிஞர் ஆலன் பிளம்லைன். திரைப்படம் ஒன்றைக் காணச் சென்ற அவருக்கு, நடிகர் திரையின் ஒரு புறத்தே நிற்க, குரல் வேறொரு புறத்திலிருந்து வருவது பொருந்தாததாகப் பட்டது என்பர். இரு செவிகளும் வேறுவேறாகக் கேட்பதைக் கொண்டே நாம் திசையறிகிறோம். ஆகவே இரு வழிகளில் ஒலியைப் பதிவுசெய்து இரு வழிகளில் வெளியிட வேண்டும் என்று கண்டு, 1931 டிசம்பரில் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று ‘ஸ்டீரியோ’ என வழங்குவதன் அடிப்படை அதுவே. 1940இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் ‘ஃபேண்டேசியா’ பார்ப்போரைச் சூழ்ந்தொலிக்கும் முறையைத் திரையரங்கிற்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் 1975இல் ‘ஷோலே’ ஆறு ஒலித்தடங்களோடு 70 மில்லிமீட்டர் படமாக வந்தபோது, மக்கள் ஒலியைக் கேட்பதற்காகவும் திரையரங்கு சென்றார்கள்.

இரண்டாவது குறையாகிய இரைச்சலின் கதை நம் நாட்டோடு நேரே தொடர்புடையது. அமெரிக்கரான ரே டால்பி, 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராகச் சண்டிகரில் உள்ள மத்திய விஞ்ஞானக் கருவிகள் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்திய இசையை நாடாவில் பதிவு செய்துவந்த அவருக்கு, மெல்லிய நாதத்தின் ஊடே எழும் ‘உஸ்’ என்ற ஓசையை நீக்கும் வழியைப் பற்றிய சிந்தனை இங்கேயே உருவாயிற்று. 1965இல் இலண்டன் சென்று தம் பெயரால் நிறுவனம் தொடங்கினார். இன்று கருவிகளின் மேல் நாம் காணும் ‘டால்பி’ என்ற சொல்லுக்குப் பின்னே தம்பூராவும் சிதாரும் ஒலித்த நாட்டின் நினைவும் உண்டு. 1992இல் திரையரங்குகளில் டால்பி டிஜிட்டல் வந்தது. 1996இல் ஜப்பானில் டி.வி.டி. விற்பனைக்கு வந்தபின் அம்முறை வீடுகளிலும் பரவியது. 2012இல் தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் ‘அட்மாஸ்’ முறை திரையரங்குகளில் தொடங்கி, பின்னர் வீட்டிற்குள்ளும் நுழைந்தது.

மூன்றாவது குறைதான் அறை. இதனை எந்தத் தொழிற்சாலையும் செய்து தர இயலாது. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் ஆசிரியர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. காரணம் காணும் பணி வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஓர் ஆர்கன் குழலையும் நேரங்காட்டியையும் கொண்டு இரவு வேளைகளில் அளந்து பார்த்தார். குழல் நின்ற பின்னும் ஒலி ஐந்தரை வினாடி நேரம் சுழன்று நின்றது. ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த பல சொற்களை மூடிவிட்டது. அருகிலிருந்த வேறோர் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பியபோது அந்நேரம் குறைந்தது. அறையின் கன அளவும், அதன் பரப்புகள் ஒலியை உட்கொள்ளும் திறனுமே இந்நேரத்தை நிர்ணயிக்கின்றன என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசை மண்டபம் இக்கணக்கின்படி எழுந்தது.

இக்கணக்கைப் பெங்களூர் வீட்டிற்குப் பொருத்திப் பார்ப்போம். ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஓர் அறை. தரையில் வழவழப்பான ஓடு. சுவரும் கூரையும் பூச்சிட்டவை. இதன் கன அளவு 60 கனமீட்டர். எல்லாப் பரப்புகளும் சேர்ந்து 94 சதுர மீட்டர். இத்தகைய கடினப் பரப்பு, தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கையே உட்கொள்ளும் என்று கொண்டால், வெற்றறையில் ஒலி ஏறத்தாழ மூன்றரை வினாடி சுழலும். இலட்ச ரூபாய்க் கருவியை இங்கே வைத்தாலும் உரையாடல் குழம்பவே செய்யும். தடித்த கம்பளம், கனத்த திரைச்சீலை, துணியுறையிட்ட சோபா, நூல்கள் நிறைந்த அலமாரி இவற்றால் உட்கொள்ளும் பரப்பை 20 சதுர மீட்டருக்கு இணையாக உயர்த்தினால், அந்நேரம் அரை வினாடியாகக் குறைந்துவிடும். ஆகையால், ஒதுக்கிய பணத்தில் முதற்பங்கு ஜமக்காளக் கடைக்கும் திரைச்சீலைக் கடைக்கும் உரியது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். மொழிபெயர்ப்பே தொழிலாக உடையவன் என்ற முறையில் இது என் கண்ணில் அடிக்கடி படுவது. ‘ஒலிபெருக்கி’ என்று நாம் வழங்கும் ஒரே சொல், ஒலிக்குறியை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயரையும் அதனை வெளியிடும் ஸ்பீக்கரையும் ஒருங்கே சுட்டிவிடுகிறது. ‘வாட்’ என்ற எண் ஆம்ப்ளிஃபயரின் ஆற்றலைச் சொல்வது. ஸ்பீக்கரின் இனிமையைச் சொல்வதன்று. சொல்லில் நேர்ந்த மயக்கம் பொருள் வாங்குவதிலும் நேராதிருப்பது நலம்.

கருவிகளுள் எதற்கு முதலிடம்? ‘5.1’ என்னும் அமைப்பில் முன்புறம் இடம், நடு, வலம் என மூன்றும், பின்பக்கங்களில் இரண்டுமாக ஐந்து ஸ்பீக்கர்கள். தாழ்ந்த நாதத்திற்கென ‘சப்வூஃபர்’ ஒன்று. படத்தில் உரையாடல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்தே வரும். அதில் சிக்கனம் செய்து சப்வூஃபரில் தாராளம் காட்டுவோர், வெடியோசை அதிரும் வீட்டில் வசனம் கேளாது வருந்துகிறார்கள். எனவே நடு ஸ்பீக்கரும் முன்னிரு ஸ்பீக்கர்களும் முதலில், சப்வூஃபர் அடுத்து, பின்பக்க ஸ்பீக்கர்கள் அதன்பின், தலைக்கு மேலானவை இறுதியில். அறை சிறியதாயின், திரையின் கீழே வைக்கும் நல்ல ‘சவுண்ட்பார்’ ஒன்றே போதுமானதாகவும் இருக்கலாம்.

தாழ்ந்த நாதத்திற்கு அறையோடு ஒரு தனிப் பிணக்கு உண்டு. மேற்சொன்ன அறையின் நீளத்தில் வினாடிக்கு 34 அதிர்வுகளை ஒட்டியும், அகலத்தில் 43 அதிர்வுகளை ஒட்டியும் ஒலியலை நிலைகொள்ளும். மூலையில் முழங்கும் அதே நாதம் அறை நடுவில் மறைந்துபோகும். இதற்கு எளிய சோதனை ஒன்று உள்ளது. சப்வூஃபரை நாம் அமரும் இருக்கையில் வைத்து ஒலிக்கச் செய்து, சுவரோரமாக நடந்து கேட்க வேண்டும். எங்கே நாதம் சீராகக் கேட்கிறதோ அங்கேயே அதனை அமைக்க வேண்டும்.

கருவியைச் சோதிக்க எதனைக் கேட்பது? பெங்களூர் எஸ்.பி. சாலைக் கடைகளிலும் பிற விற்பனைக் கூடங்களிலும் வாணவேடிக்கை போன்ற காட்சிகளையே காட்டுவார்கள். அவற்றை விடுத்து, நாமறிந்த மிருதங்க இசையைக் கேட்பது நல்லது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1933இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்து, 1970இல் மறையும்வரை இந்நகரையே தம் நகராகக் கொண்ட சர் சி. வி. இராமன், இந்தியத் தோற்கருவிகளைப் பற்றி 1934இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பொதுவான முரசில் எழும் உபநாதங்கள் ஒன்றோடொன்று இயையா; மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருநிறக் கரணையால் அவை முழுவெண் விகிதத்தில் இயைந்து சுருதியோடு சேர்கின்றன என்பது அவர் விளக்கிய உண்மை. நல்ல சாதனத்தில் வலந்தலையின் சுருதி தெளிவாகவும், தொப்பியின் கும்காரம் அதனை மூடாமலும் கேட்கும். அதன்பின் ஒரு தமிழ் உரையாடலைத் தாழ்ந்த அளவில் வைத்துக் கேட்க வேண்டும். லகரமும் ளகரமும் ழகரமும் பிரிந்து கேட்டால், அச்சாதனத்தை நம்பலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது சிறிய செய்தியன்று. அலசூரிலோ மல்லேசுவரத்திலோ வளரும் குழந்தைக்குப் பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. பிழையற்ற தமிழ் உச்சரிப்பு அதன் செவியை அடையும் வழிகளுள் வீட்டில் ஒலிக்கும் பாட்டும் நாடகமும் படமும் அடங்கும். சொல் மங்கி முழக்கம் மிகும் கருவி, அவ்வழியையும் அடைத்துவிடும்.

அண்டை வீட்டாரும் நம் நினைவில் இருத்தல் வேண்டும். தாழ்ந்த நாதம் சுவரையும் தளத்தையும் ஊடுருவிச் செல்லும் இயல்பினது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த அளவு பகலில் 55 டெசிபல். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல். சப்வூஃபரின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு இடுவதும், இரவில் அதனைத் தணித்து வைப்பதும் சட்டத்திற்கு மட்டுமன்றி நல்லுறவுக்கும் உரியன. பலமொழியாளர் ஒரே கூரையின் கீழ் வாழும் நகரில், ஒரு வீட்டின் இன்பம் அடுத்த வீட்டின் உறக்கத்தைக் கெடுக்கலாகாது.

கடற்கரையில் ஒரே ஒலிபெருக்கியின் கீழ் ஊர் கூடியிருந்த காலம் போய், ஓர் அறையில் பத்து ஸ்பீக்கர்கள் சூழ ஒரு குடும்பம் அமரும் காலம் வந்துள்ளது. மைசூர் மன்னருக்குக் கிட்டாத திசையும் தெளிவும் இன்று நடுத்தர வருவாயினருக்குக் கிட்டுகின்றன. அவற்றை முழுமையாகப் பெறுவதற்கு வேண்டுவது மிகுந்த செலவன்று. கடைக்குப் புறப்படுமுன் அவ்வறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தால், முதலில் வாங்க வேண்டியது எது என்பதை அறையே சொல்லிவிடும்.