எண்ணூர் எண்ணெய் கசிவு: நிவாரணம் வாங்கியாச்சு... இழப்பீடும் கேட்கலாமா?

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியது. வெள்ளம் வடியத் தொடங்கியபோது வடசென்னைக்கு அடுத்த அடி. மணலி பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியா வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. படகு, வலை எல்லாம் கருப்பாச்சு. மீன்பிடித் தொழில் முடங்கியது.

அரசு எவ்வளவு கொடுத்தது?

தமிழ்நாடு அரசு அறிவித்த தனித் தொகுப்பு 8.68 கோடி ரூபாய்.

• 2,301 மீனவக் குடும்பங்களுக்கு தலா 12,500 ரூபாய்
• 787 படகுகளுக்கு தலா 10,000 ரூபாய்
• பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்கு தலா 7,500 ரூபாய்

ஏன் தனித் தொகுப்பு?

புயல், வெள்ளம், வறட்சி போன்றவை மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் இருக்கு. அதனால ரேட்டும் முன்கூட்டியே இருக்கும். மிக்ஜாமுக்கு மாநில அரசு அதையும் உயர்த்தி, பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், முழுசா சேதமான கட்டுமரத்துக்கு வலையோடு சேர்த்து 50,000 ரூபாய்னு அறிவித்தது. ஆனா எண்ணெய் கசிவு அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

நிவாரணம் வேற, இழப்பீடு வேற

நிவாரணம் என்பது உடனடிச் செலவைச் சமாளிக்க அரசு எல்லாருக்கும் ஒரே அளவில் தருவது. ஒரு நாள் வருமானம் 500 ரூபாய்னு வெச்சுக்கிட்டாலும், 12,500 ரூபாய் 25 நாளுக்குத்தான் வரும். இழப்பீடு அப்படியில்லை. உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம்னு கணக்குப் போட்டு, மாசுபடுத்தியவரிடம் கேட்பது.

இதற்கு வழி, 2010-ம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். 15-வது பிரிவின்கீழ் பாதிக்கப்பட்டவர் விண்ணப்பிக்கலாம். தொழில், வேலை இழப்பும் இதில் அடங்கும். படகு இல்லாத, கூடையில் மீன் விற்கும் பெண்களுக்கும் இது முக்கியம். விபத்து என்றால், அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது 17-வது பிரிவு. ஆனா எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். இந்தச் சம்பவத்தில் மணலி சிபிசிஎல் நிறுவனம், தங்கள் குழாய்களில் கசிவு இல்லை என்று கூறியது. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது.

ஏற்கெனவே நிவாரணம் வாங்கியிருந்தா?

விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனா வாங்கிய தொகையை மறைக்கக் கூடாது, தீர்ப்பாயத்திடம் சொல்லணும்.

கெடு எப்போது?

பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து 5 ஆண்டுகள். அதாவது 2028 டிசம்பர் தொடக்கம். தகுந்த காரணம் இருந்தால் மட்டும் கூடுதலா 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம்.

என்னென்ன எடுத்து வைக்கணும்?

• ரேஷன் அட்டை, மீனவர் நல வாரிய அட்டை
• படகுப் பதிவுச் சான்று
• நிவாரணம் வரவான வங்கி பாஸ்புக் பக்கம்
• எண்ணெய் படிந்த வலை, படகின் போட்டோக்கள் (போனில் தேதியோடு இருந்தால் அழிக்காதீங்க)
• புது வலை, இன்ஜின் ரிப்பேர் பில்கள்
• தோல் எரிச்சல், மூச்சுத்திணறலுக்குப் பார்த்த மருத்துவச் சீட்டு

வக்கீல் ஃபீஸ் கொடுக்க முடியாதவங்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், வெள்ளம், தொழிற்சாலைப் பேரிடர்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சட்ட உதவி இலவசம். உதவி எண்: 15100.