மொசைக் டர்னர் கூட்டறிகுறி

மொசைக் டர்னர் கூட்டறிகுறி என்பது, உடலின் உயிரணுக்களுள் ஒரு பகுதியில் மட்டும் ஒரு பால் நிறப்புரி முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாதிருப்பதால் பெண்களுக்கு ஏற்படும் மரபியல் நிலை ஆகும். கருவுற்ற ஒரே முட்டையிலிருந்து தோன்றிய ஒருவரிடம், நிறப்புரி அமைப்பில் வேறுபட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உயிரணு வகைகள் காணப்படுவது மொசைக் நிலை எனப்படுகிறது.

வரலாறு

செருமானிய மருத்துவர் ஓட்டோ உல்ரிக் 1930 இலும், அமெரிக்க மருத்துவர் என்றி டர்னர் 1938 இலும் டர்னர் கூட்டறிகுறியின் உடற்பண்புகளை விவரித்தனர். 1959 இல் சார்லசு ஃபோர்டு குழுவினர், இக்கூட்டறிகுறி கொண்ட 14 அகவைச் சிறுமி ஒருவரிடம் 45 நிறப்புரிகளும் ஒரேயொரு எக்ஸ் நிறப்புரியும் இருப்பதைக் கண்டறிந்தனர்.

தோன்றும் விதம்

கருவுற்ற பின் நிகழும் உயிரணுப் பிரிவின்போது ஒரு பால் நிறப்புரி பின்தங்கி, புதிய உட்கருவினுள் சேராமல் போகலாம். அவ்வுயிரணுவின் வழித்தோன்றல்கள் அனைத்தும் 45 நிறப்புரிகளையே கொண்டிருக்கும். ஏனையவை 46 நிறப்புரிகளுடன் தொடரும். இது 45,எக்ஸ்/46,எக்ஸ்எக்ஸ் என எழுதப்படுகிறது. பிழை எவ்வளவு முற்பட்ட பிரிவில் நிகழ்கிறதோ, பொதுவாக அவ்வளவு மிகுதியான திசுக்கள் பாதிக்கப்படும். இது தற்செயலான நிகழ்வு. பெற்றோரின் செயல் எதுவும் இதற்குக் காரணம் அன்று.

பண்புகள்

உயிருடன் பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 2000 முதல் 2500 பேருக்கு ஒருவரிடம் டர்னர் கூட்டறிகுறி காணப்படுகிறது. இவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் சோதித்த எல்லா உயிரணுக்களும் 45,எக்ஸ் வகையாக உள்ளன. மற்றவர்களிடம் மொசைக் நிலையோ எக்ஸ் நிறப்புரியின் அமைப்பு மாற்றமோ இருக்கும். குறைந்த உயரம், சூலகச் செயலிழப்பு, இதயம் மற்றும் பெருந்தமனிக் குறைபாடுகள் ஆகியன முதன்மையான பண்புகள். அறிவுத்திறன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மொசைக் நிலையில் அறிகுறிகள் பொதுவாகக் குறைவு. இதனால் பூப்படைதல் தாமதமாகும் வரையிலோ அதற்குப் பின்னருமோ பலருக்கு இந்நிலை கண்டறியப்படுவதில்லை.

கண்டறிதல்

குருதி உயிரணுக்களின் நிறப்புரிகளை எண்ணிப் பார்ப்பதே முதன்மைச் சோதனை. வழக்கமாக 30 உயிரணுக்கள் எண்ணப்படுகின்றன. பத்தில் ஓர் உயிரணு மாறுபட்டதாக இருப்பின், எண்ணப்படும் 30 உயிரணுக்களில் ஒன்றுகூட அவ்வகையாக இல்லாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு. அதைவிடக் குறைந்த அளவிலான மொசைக் நிலை எளிதில் தவறிவிடும். ஐயம் நீடித்தால் கூடுதல் உயிரணுக்களோ கன்ன உட்புறம், தோல் போன்ற வேறு திசுக்களோ ஆராயப்படும். குருதியில் காணும் விகிதம் சூலகத்திலோ இதயத்திலோ அப்படியே இருக்க வேண்டியதில்லை. எனவே அதைக் கொண்டு மட்டும் பாதிப்பின் அளவை முன்கூட்டிக் கூற இயலாது. வயது முதிரும்போது இயல்பான பெண்களிடமும் சில குருதி உயிரணுக்கள் ஒரு எக்ஸ் நிறப்புரியை இழப்பதுண்டு. இது டர்னர் கூட்டறிகுறி ஆகாது.

சிலரிடம் ஒய் நிறப்புரி கொண்ட உயிரணுக்களும் காணப்படும். இந்நிலையில் வளர்ச்சியுறாத இனப்பெருக்கச் சுரப்பியில் கட்டி தோன்றும் வாய்ப்பு மிகுதி என்பதால், அதை அறுவை மூலம் அகற்றுவது பற்றி மருத்துவர்கள் ஆராய்வர்.

மருத்துவம்

நிறப்புரி அமைப்பை மாற்ற இயலாது. விளைவுகளுக்கு மருத்துவம் உண்டு. உயரம் கூட, வளர்ச்சி இயக்குநீர் சிறு வயதிலேயே தொடங்கப்படும். தாமாகப் பூப்படையாதோருக்கு 11 அல்லது 12 அகவையில் ஈத்திரோசன் சிறிய அளவில் தொடங்கப்படும். மொசைக் நிலையினர் சிலர் இயற்கையாகக் கருத்தரிக்கின்றனர். எனினும் கருக்காலத்தில் பெருந்தமனி கிழியும் இடர் உண்டு. ஆதலால் அறிகுறிகள் மிகக் குறைவாக இருப்பினும், கருத்தரிக்கும் முன் இதயமும் பெருந்தமனியும் சோதிக்கப்பட வேண்டும்.