பாரிசவாதமும் மலைநாடும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஊவாவை நோக்கி ஏறிச் செல்லும் பெருஞ்சாலையில், பதுளை மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்திருப்பது ஹல்துமுல்லை. வடக்கே ஹப்புத்தளை மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. தெற்கே நிலம் சரிந்து தாழ்நாட்டில் சென்று கலக்கிறது. சரிவெங்கும் தேயிலை, தேயிலைக்கு இடையிடையே லயங்கள். அங்கே ஒருவர் காலையில் எழுந்ததும் ஒரு கையைத் தூக்க மாட்டாமல், வாய் கோணி, நாக்குழறி நின்றால், "கை கால் இழுத்துக்கொண்டது" என்பர் அயலார். பாரிசவாதம் என்றும் பக்கவாதம் என்றும் வழங்கும் நோய் அதுவே. கொழுந்து பறித்த கை செயலிழந்தால் அக்குடும்பத்தின் நாட்சம்பளம் ஒன்று நின்றுவிடுகிறது. அவரைப் பேணுவதற்காக இன்னொருவரும் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க நேரிடுகிறது. இந்நோயை வெல்ல மருத்துவ உலகம் நடத்திய சோதனைகள் யாவை, அவற்றின் பயன் இத்தகைய மலையூர் ஒன்றை எவ்வளவுக்கு எட்டக்கூடும் என்பது ஆராயத்தக்கது.

மலைநாட்டுத் தோட்டங்களில் மருத்துவம் தொடங்கியது வேறு நோய்களின் பொருட்டு. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெருந்தொகையாக மடிந்ததைக் கண்டே, 1872ஆம் ஆண்டில் பெருந்தோட்ட மாவட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. அக்காலத்தில் தோட்டத்தின் பகைகள் வாந்திபேதி, சீதபேதி, அம்மை, காய்ச்சல் ஆகியன. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். இந்நோய்கள் படிப்படியாக அடங்க, மக்களின் ஆயுள் நீண்டது. நீண்ட ஆயுளோடு கூடவே வந்து சேர்ந்தன முதுமைக்குரிய நோய்கள். தொற்றுநோயை எதிர்க்கவென அமைந்த தோட்ட மருந்தகம், ஓசையின்றி வளரும் இரத்த அமுக்கத்தை அளந்தறிய வேண்டிய காலம் வந்தது.

சித்த மருத்துவம் இந்நோயை வாத நோய்களுள் ஒன்றாக வைத்தது. மேலைநாட்டாரும் நெடுங்காலம் இதன் காரணத்தை அறிந்தாரல்லர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான் யாக்கோப் வெப்பர் என்னும் மருத்துவர், இந்நோயால் இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, 1658ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மூளையினுள் இரத்தம் கசிந்திருந்ததை அவர் கண்டு கூறினார்; மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டாலும் இந்நோய் வரலாம் என்று உணர்த்தினார். ஆகவே இதில் இருவகை உண்டு. குழாய் அடைபட்டு இரத்தம் செல்லாமையால் மூளையின் ஒரு பகுதி வாடுவது ஒன்று; குழாய் வெடித்து இரத்தம் பெருகுவது மற்றொன்று. பெரும்பாலும் காணப்படுவது முன்னையதே. 1951ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவர் மில்லர் பிஷர், கழுத்திலுள்ள பெருங்குழாய் சுருங்கி அடைபடுவதே பலருக்கு இந்நோய் வரக் காரணமாகிறது என்று தெளிவாக விளக்கினார். நோய் முற்றுமுன்னரே சில நிமிட நேரம் கை மரத்துப்போதல், ஒரு கண் மங்குதல் போன்ற எச்சரிக்கைகள் தோன்றி மறைவதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இருவகையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை இரத்தம் கசிந்தவருக்குக் கொடுத்தால் கசிவு பெருகி உயிருக்கே இடர் நேரும். மண்டையைத் திறவாமல் மூளையைப் பார்க்க ஒரு வழி வேண்டியிருந்தது. ஆங்கிலேயப் பொறியியலாளர் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவியினால், 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாம் நாள், இலண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முறையாகப் படமெடுக்கப்பட்டது. இன்று சீற்றீ ஸ்கேன் என்று வழங்குவது அதுவே. அதற்காக அவர் 1979ஆம் ஆண்டில் அலன் கோமாக் என்பாருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

படம் கிடைத்த பின்னரே சிகிச்சைச் சோதனை இயன்றது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 624 நோயாளரிடம் நடந்த சோதனையின் முடிவு வெளிவந்தது. நோய் கண்ட 3 மணி நேரத்துக்குள் அல்டிபிளேஸ் என்னும் மருந்தைப் பெற்றவர்கள், மூன்று மாதங்களின் பின் ஊனமின்றியோ சிறிதளவு ஊனத்துடனோ இருக்கும் வாய்ப்பு, வெறும் திரவம் பெற்றவர்களைவிடக் குறைந்தது 30 விழுக்காடு அதிகமாக இருந்தது. இந்நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. மருந்து பெற்றவர்களுள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் மூளைக்குள் இரத்தக்கசிவுக்கு ஆளாயினர். 2008ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சோதனை ஒன்று அக்கால எல்லையை நாலரை மணியாக நீட்டியது. 2015ஆம் ஆண்டில், தொடைக் குழாய் வழியாக நுண்கம்பி செலுத்தி மூளையின் அடைப்பை இழுத்தெடுக்கும் முறையின் பயன் பல நாட்டுச் சோதனைகளால் உறுதியாயிற்று.

இவ்வெற்றிகள் யாவும் கடிகாரத்தோடு பிணைந்தவை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 19 இலட்சம் மூளை உயிரணுக்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது. ஹல்துமுல்லையின் மேற்கணக்கு ஒன்றில் இரவில் நோய் கண்டவரை எண்ணிப் பார்க்க வேண்டும். லயத்திலிருந்து தோட்டப்பாதை வழியே பெருஞ்சாலைக்கு இறங்க வேண்டும். பெரகலைச் சந்தியிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏற வேண்டும். பண்டாரவளை கடந்து பதுளையை அடைய வேண்டும். மழை நாளில் மண்சரிவும் பனிமூட்டமும் வழியை மறிக்கும். 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்த 1990 அம்புலன்ஸ் சேவை இத்தடையைச் சிறிது தளர்த்தியுள்ளது. ஆயினும் நோய் தொடங்கிய நேரத்தை வீட்டார் குறித்து வைக்காவிட்டால், "விடிந்ததும் பார்ப்போம்" என்று காத்திருந்தால், உலகின் சிறந்த மருந்தும் பயன்படாமற் போகும்.

ஆகவே மலைநாட்டுக்கு மிகுந்த நன்மை தரக்கூடியது ஆராய்ச்சியின் இன்னொரு கிளை. அது நோய் வருமுன் காக்கும் கிளை. 1967ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் எட்வேட் பிரீஸ் தலைமையில், மிக உயர்ந்த இரத்த அமுக்கம் உடைய 143 ஆண்களிடம் நடந்த சோதனை, மருந்தினால் அவ்வமுக்கத்தைக் குறைத்தால் கேடுகள் பெரிதும் குறையும் என்று முதன்முதலில் ஐயமறக் காட்டியது. முதியோருக்கு அமுக்கம் உயர்வது இயற்கை, அதனைக் குறைப்பது தீது என்ற எண்ணம் அக்காலத்தில் மருத்துவரிடையேயும் இருந்தது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 4,736 பேரிடம் நடந்து 1991ஆம் ஆண்டில் வெளிவந்த சோதனை அவ்வெண்ணத்தை வீழ்த்தியது. பாரிசவாதம் 36 விழுக்காடு குறைந்தது. முன்னரே இந்நோய் கண்டவர்களுக்கும் இம்மருந்து மறுதாக்குதலைக் குறைக்கும் என்பது 2001ஆம் ஆண்டில் 6,105 பேரிடம் நடந்த சோதனையால் விளங்கியது.

இக்கேள்வி தேயிலைத் தோட்டத்துக்குப் புறம்பானதன்று. அசாம் மாநிலத் தேயிலைத் தொழிலாளரிடையே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்தோர் நடத்திய ஆய்வு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. 30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்கு அறுபது பேருக்கு உயர் இரத்த அமுக்கம் இருந்தது. மிகுதியான உப்பு, மது, மெல்லும் புகையிலை ஆகியன அதனோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. அசாமின் கணக்கை ஊவாவின் கணக்காகக் கொள்ளுதல் முறையாகாது. எனினும் கருவாடும் ஊறுகாயும் வெற்றிலையோடு சேரும் புகையிலையும் ஊவாவின் லயங்களுக்கும் புதியன அல்ல.

இலங்கையிலேயே நடந்த ஆராய்ச்சிகளும் உண்டு. கொழும்பு மாவட்டத்து வளர்ந்தோரிடையே நடந்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஆயிரம் பேருக்குப் பத்துப் பேர் அளவில் பாரிசவாதம் கண்டிருந்ததையும், அவர்களுள் மிகப் பலருக்கு உயர் இரத்த அமுக்கம் இருந்ததையும் காட்டியது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த சோதனை ஒன்று, இந்நாட்டு வைத்தியசாலைகளுக்கு வந்த 700 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டது. மூன்று மருந்துகளைச் சிறு அளவில் ஒரே மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் நூற்றுக்கு எழுபது பேரின் அமுக்கம் உரிய அளவுக்கு இறங்கியது; வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் இத்தொகை ஐம்பத்தைந்தே.

அதனினும் கருதத்தக்கது 2020ஆம் ஆண்டில் வெளிவந்த முந்நாட்டுச் சோதனை. இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் 30 கிராமப்புறச் சமூகங்களில், 2,645 பேரிடம் அது நடந்தது. சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று இரத்த அமுக்கத்தை அளந்தனர். உணவு பற்றியும் மருந்து பற்றியும் பேசினர். அளவு மிகுந்தவரை மருத்துவரிடம் அனுப்பினர். இரண்டாண்டுகளின் பின், இவ்வாறு கவனிக்கப்பட்ட ஊர்களில் அமுக்கம் மற்ற ஊர்களைவிடச் சராசரியாக 5 மில்லிமீற்றர் மிகுதியாகக் குறைந்திருந்தது. புதிய மருந்தோ பெரிய கருவியோ அங்கே இல்லை.

இதனோடு இந்தியாவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளிவந்த சோதனையையும் வைத்துப் பார்த்தல் நலம். பாரிசவாதம் கண்டு மீண்ட 4,298 பேருள் ஒரு பகுதியினருக்கு, 12 மொழிகளில் குறுஞ்செய்திகளும் படக்காட்சிகளும் கைந்நூலும் கொடுக்கப்பட்டன. சிலர் மதுவைக் குறைத்தனர். மருந்தை ஒழுங்காக உட்கொண்டனர். ஆனால் ஓராண்டில் மறுதாக்குதல்கள் குறையவில்லை. இரண்டு சோதனைகளும் வேறு வேறு மக்களிடம், வேறு வேறு நோக்கோடு நடந்தவை. ஆயினும், அறிவுரை அனுப்புவதோடு கடமை முடிந்துவிடாது. ஆள் நேரில் சென்று அளந்து, மருந்து கையில் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்று எண்ண அவை இடந்தருகின்றன.

தோட்டங்களில் அத்தகைய வருகைக்கு மரபு ஏற்கெனவே உண்டு. கருவுற்ற தாயையும் கைக்குழந்தையையும் பார்க்க மருத்துவமாது லயத்துக்கு வருகிறார். அதே வாசலில், அதே வருகையில், நாற்பது கடந்த தந்தையின் கையிலும் பாட்டியின் கையிலும் அளவுப்பட்டையைச் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மாதந்தோறும் மருந்து வாங்க ஒரு நாட்சம்பளத்தை இழந்து தொலைவு செல்லவேண்டிய நிலை நீங்கினால், இடையில் மருந்தை நிறுத்துவோரும் குறைவர். மூளையைப் படம் பிடிக்கும் கருவி மலையேறி ஒவ்வொரு தோட்டத்துக்கும் வருதல் அரிது. இரத்த அமுக்கத்தை அளக்கும் கருவியோ ஒரு கைப்பைக்குள் அடங்கும். நூற்றாண்டுகளாக நடந்த ஆராய்ச்சியின் பயனுள் பெரும்பகுதி அக்கைப்பைக்குள்ளேயே ஹல்துமுல்லையின் மேற்கணக்குக்கு ஏறிச் செல்லக்கூடியது.