இலங்கையிற் குடிசன மதிப்பு



ஒரு நாட்டில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்னும் வினா எளிதாகத் தோன்றும். ஆயினும், எண்ணுபவர் யார், எதன்பொருட்டு எண்ணுகின்றார் என்பனவற்றைப் பொறுத்தே அதன் விடையும் பயனும் அமைகின்றன. எமது தீவின் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல உள.

போர்த்துக்கேயர் காலத்தில் எழுதப்பெற்று, ஒல்லாந்தரால் விரிவாக்கப்பெற்ற தோம்புகளை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். காணித் தோம்பிலே நிலங்களும், தலைத் தோம்பிலே குடும்பத்தினரின் பெயர்களும் பதியப்பெற்றன. இறையும் ஊழியமும் பெறுதலே அவற்றின் நோக்கம். ஆங்கிலேயர் 1824ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி தீவின் மக்கள் எட்டரை இலட்சமளவினர். எனினும், நாடு முழுவதையும் ஒழுங்கான முறையில் ஒரே வேளையில் எண்ணிய முதலாவது குடிசன மதிப்பு 1871 மார்ச் 27ஆந் திகதியே நடைபெற்றது. அப்பொழுது கண்ட தொகை 24 இலட்சம். அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுதல் வழக்கமாயிற்று.

இவ்வெண்களை வரிசையாக நோக்கின், நாட்டின் பொருளாதாரமே அவற்றிற் புலனாகும். 1871க்கும் 1881க்கும் இடையிற் குடித்தொகை நூற்றுக்குப் பதினைந்து வீதம் பெருகியது. அடுத்த பத்தாண்டிலோ பெருக்கம் ஒன்பது வீதமாகக் குறைந்தது. கோப்பிப் பயிரை நோய் தாக்கியமையால் தோட்டங்கள் அழிய, தென்னிந்தியத் தொழிலாளரின் வரவு தளர்ந்தது. பின்னர்த் தேயிலை அதனிடத்தைப் பிடித்தது; 1891 முதல் 1901 வரையுள்ள பத்தாண்டில் பெருக்கம் பதினெட்டு வீதத்தையுங் கடந்தது. மலைச் சரிவுகளிற் கொழுந்து பறிக்க வந்தவர்களின் கைகளே அவ்வெண்ணிக்கையை உயர்த்தின.

1901ஆம் ஆண்டின் மதிப்பை நடத்தும் பொறுப்பு பொன்னம்பலம் அருணாசலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் அவர். அவருடைய அறிக்கை வெறும் எண்களின் கோவையாக அமையவில்லை. இந்நாட்டு மக்களின் மொழி, சமயம், வழக்கங்கள் ஆகியனவும் அதிலே ஆராயப்பெற்றன. ஆட்சியாளரின் கணக்கேடு ஒன்றைத் தம் நாட்டைப் பற்றிய அறிவு நூலாக மாற்றிய பெருமை அவரைச் சாரும்.

அதனையடுத்து 1911ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு மாற்றம் நெடுங்கால விளைவுகளை உடையதாயிற்று. அதுவரை தமிழர் என ஒரே தலைப்பின்கீழ்க் கணிக்கப்பட்டோர் அவ்வாண்டு முதல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு பிரிவினராகக் கணிக்கப்பட்டனர். ஒவ்வொரு பிரிவினரும் அப்பொழுது ஐந்தேகால் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்தனர். 1946ஆம் ஆண்டில் இந்தியத் தமிழரின் தொகை 7 இலட்சத்து 80 ஆயிரமளவாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த சட்டங்களும் இவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ, 9 இலட்சத்து 75 ஆயிரம் மாந்தரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர் முடிவு செய்தற்குரியது என வகுக்கப்பட்டது. பங்கிடப்பட்டோரை எவரும் முன்கூட்டிக் கேட்டிலர். 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வந்தபின்னரே இக்குறை நீங்கியது.

எண்கள் மகிழ்ச்சியான செய்தியையும் கூறுவதுண்டு. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. 1935இற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. போர் முடிந்தபின் நுளம்பை ஒழிக்க டீ. டீ. டீ. மருந்து தெளிக்கப்பட்டது, கிராமங்கள்தோறும் வைத்தியசாலைகளும் மருத்துவமாதர் சேவையும் பெருகின, உணவு நிலையும் சீர்பெற்றது. 1946இல் ஆயிரவருக்கு இருபதாயிருந்த இறப்பு வீதம் 1947இற் பதினான்காயிற்று. அக்காலத்தில் நூறு பெண்களுக்கு 113 ஆண்கள் இருந்தனர். ஆண்கள் தனியராய்க் குடியேறியது ஒரு காரணம். பெண்கள் பிள்ளைப்பேற்றிலும் பிற நோய்களாலும் மிகுதியாக இறந்தமை மற்றொன்று. 2012இலோ நூறு பெண்களுக்கு 94 ஆண்களே உளர். தாய்மார் காப்பாற்றப்பட்ட வரலாறும் இவ்விரண்டு எண்களுக்கிடையில் அடங்கியுள்ளது.

எண்ணப்படாத ஆண்டுகளும் வரலாறே. உலக யுத்தத்தால் 1941ஆம் ஆண்டின் மதிப்பு 1946க்குத் தள்ளிப்போயிற்று. உள்நாட்டு யுத்தத்தால் 1991ஆம் ஆண்டின் மதிப்பு நடைபெறவேயில்லை. 2001ஆம் ஆண்டில் 25 மாவட்டங்களுள் 18 மட்டுமே முழுமையாக எண்ணப்பட்டன. 1981க்குப் பின் நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012ஆம் ஆண்டிலேயாகும். அவ்விடைக்காலத்தில் நாட்டின் குடித்தொகை ஒரு கோடியே 48 இலட்சத்திலிருந்து 2 கோடியே 3 இலட்சமாக உயர்ந்தது. வட மாகாணத்திலோ 11 இலட்சத்துக்கு மேலிருந்த தொகை 10 இலட்சத்து 60 ஆயிரமளவாகக் குறைந்தது. மடிந்தோர், கடல் கடந்து சென்றோர், 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆகிய அனைவரின் கதையும் இக்குறைவினுள் உண்டு. அவர்களைத் தனித்தனியே எண்ணிக் காட்ட எந்த அட்டவணையும் போதாது.

2024ஆம் ஆண்டின் மதிப்பு நாட்டின் மக்கள் 2 கோடியே 17 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எனக் காட்டிற்று. 1871இல் இருந்த தொகையைப் போல இஃது ஒன்பது மடங்கு. ஆயினும் பெருக்கத்தின் வேகம் தணிந்துவிட்டது. முதியோரின் பங்கு ஏறிவருகின்றது. பாடசாலைகளை எங்கே அமைப்பது என்று எண்களைக் கேட்ட நாடு, முதியோரைப் பேணுவது எவ்வாறு என்று இனிக் கேட்கவேண்டும். வரி விதிக்க எண்ணிய காலமும், மக்களைப் பிரிக்க எண்ணிய காலமும் இருந்தன. மக்களைக் காக்க எண்ணிய காலங்களிலேயே அவ்வெண்கள் பெரும்பயன் தந்தன என்பதை இவ்வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.