விகடகவியைத் திருப்பிப் போட்ட கணினி: தமிழ்க் குறியேற்றம் வந்த வழி

நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே வரும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு சொல்லைப் பின்னாலிருந்து திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது மாலைமாற்று. படிவம் நான்கு மாணவி ஒருவர் பைத்தானில் அதை எழுதினார். இரவைக் குறிக்கும் ‘மாலாம்’ என்ற மலாய்ச் சொல்லை ரோமன் எழுத்தில் கொடுத்தார், சரியென்றது கணினி. அடுத்து ஆசையோடு ‘விகடகவி’யைக் கொடுத்தார். இல்லை என்றது.

“சார், என் கோடிங் தப்பா, இல்ல கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியலையா?” என்று கேட்டார்.

இரண்டும் இல்லை. அதற்கான பதில் வரலாற்றில் இருக்கிறது.

கணினி எண்ணும் முறை

நாம் வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்து எண்ணுகிறோம். கணினியிடம் இருப்பவை ஏழு குறிகள்: வ, விலங்கு, க, ட, க, வ, விலங்கு. இதைத் திருப்பினால் விலங்கு ஒன்று ஆதரவில்லாமல் முன்னால் வந்து நிற்கும். முதல் ‘வி’யின் விலங்கோ பக்கத்தில் இருக்கும் ககரத்தோடு ஒட்டிக்கொண்டு ‘கி’ ஆகிவிடும். அப்புறம் எப்படி விகடகவி வரும்? ‘தமிழ்’ என்ற சொல்லும் இப்படித்தான். நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து குறி.

இடப் பற்றாக்குறை

1963-இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி குறியேற்றத்தில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். பிறகு 256 இடங்கள் கிடைத்தபோதும் பாதியை ஆஸ்கி எடுத்துக்கொண்டது. மீதி 128. நமக்கோ 247 எழுத்து. எனவே எழுத்துரு செய்தவர்கள் உயிர்மெய்களைத் துண்டுகளாக்கி, கிடைத்த இடத்தில் வைத்தார்கள். ஆளுக்கொரு வரிசை! ஒருவர் தமிழில் அனுப்பிய கடிதம், அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் திரையில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 90-களில் கணினி பயன்படுத்திய ஆசிரியர்களுக்கு இது மறந்திருக்காது.

இதற்கு வழி தேடியதில் நம் வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்கப்பூரில் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, பேராசிரியர் டான் டின் வீயுடன் சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தார். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்துக்கு வந்தபோது தமிழும் அதில் இடம்பெற்றது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியேற்றத்தை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவு. அதே ஆண்டு கோவிந்தசாமி காலமானார். 2000-இல் உத்தமம் அமைப்பு தொடங்கியது. 2001 மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

ஒருங்குறி தந்ததும் எடுத்துக்கொண்டதும்

இதற்கிடையே உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறியேற்றமாக, 1991-இல் ஒருங்குறி வெளிவந்தது. அதன் தமிழ்ப் பகுதிக்கு அடிப்படை, இந்தியாவில் 1988-இல் வகுக்கப்பட்ட இஸ்கி. இந்திய மொழிகள் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்த முறை அது. இன்றும் அட்டவணையில் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவில் மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. நமக்கு இல்லாத மூன்று ககரங்களின் நாற்காலிகள் அவை.

இலக்கணப்படி ‘க்’ என்ற மெய்யோடு ‘அ’ சேர்ந்தால் ‘க’. ஒருங்குறியில் தலைகீழ்: ‘க’தான் அடிப்படை, அதோடு புள்ளி சேர்ந்தால் ‘க்’. மெய் புள்ளியோடு நிற்கும் என்று தொல்காப்பியம் சொல்வதைப் படித்தவர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் ‘டேஸ்16’ முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. ஆனால் அதற்குள் உலகம் ஒருங்குறிக்குப் போய்விட்டது. ஒருமுறை தந்த இடத்தை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் விதி.

ஒருங்குறி வேண்டாம் என்பது என் வாதமல்ல. இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தெரிகிறதென்றால் அதனால்தான். ஆனால் அந்த அட்டவணை இயற்கை விதி கிடையாது. சிலர் ஒரு காலத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு. அது நம் இலக்கணத்தோடு ஒத்துப்போகாத இடங்களை நிரல் எழுதுபவர்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு அவருக்கு எழுத்திலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மாணவி செய்ததும் அதுதான். குறி வந்தால் முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர், சேர்த்து முடித்த பிறகு திருப்பு என்று சில வரிகள் கூட்டினார். விகடகவி சரியாக வந்தது. “அப்படின்னா உயிர்மெய் பாடத்தத்தான் கோடா எழுதியிருக்கேன்” என்றார்.

வகுப்பில் செய்து பார்க்க

1. ‘தமிழ்’ என்ற சொல்லைக் குறி குறியாகத் திருப்பி எழுதுக. பிறகு எழுத்தெழுத்தாகத் திருப்புக. வேறுபாடு ஏன் வந்தது?

2. வகுப்புப் பெயர்ப்பட்டியலைக் கணினியின் குறிவரிசைப்படி அடுக்கினால் ‘வ’வுக்கு முன்பே ‘ழ’ வரும். ‘ந’வை அடுத்து ‘ன’ வரும். நெடுங்கணக்கு வரிசையோடு ஒப்பிடுக.

3. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தருவது நல்லதா, குறிகளைச் சேர்ப்பது நல்லதா? இரு அணிகளாகப் பிரிந்து விவாதிக்க.