மாத்தளை வேடரும் ஒரு வில்லின் பிடியும்

சென்ற ஆண்டு ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகன், தன் பெட்டியிலிருந்து கறுப்புத் துணியில் சுற்றிய இரண்டு நீண்ட தகடுகளை எடுத்து வைத்தான். கழற்றிப் பூட்டும் வில்லொன்றின் வளையும் கைகள் அவை. "நடுவில் வரும் பிடியை மாத்தளை மரத்தில் செய்து கொண்டுபோக வேண்டும், மாமா" என்றான்.

விற்கலைஞர்கள் அந்த நடுப்பகுதியை 'ரைசர்' என்பர். வில் முழுவதும் வளைகையில் வளையாதிருக்க வேண்டிய பகுதி அது. நெடுவில்லைச் சுமந்து பயணம் செய்வது கடினம் என்பதால், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே பிடியருகே உலோகக் குழலிட்டு இரண்டாகப் பிரிக்கும் வில்களைச் செய்தார்கள். 1970 வாக்கில் அமெரிக்கரான ஃபிரெட் பெயர் சந்தைக்குக் கொண்டுவந்த மூன்று துண்டு வில், இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

எங்கள் ஊர்த் தச்சர் ஒருவரிடம் போனோம். இடித்த பழைய வீடொன்றின் முதிரை நிலைக்கால் அவரிடம் இருந்தது. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம். இனிச் சுருங்காது, முறுக்காது. ஏறத்தாழ ஒன்றரை அடி நீளத்துக்கு, மரத்தின் ஓட்டம் நீளவாக்கில் நேராக வரும்படி அறுத்தார். ஓட்டம் குறுக்கே போனால், கை பிடிக்கும் ஒடுங்கிய கழுத்தில்தான் முதலில் பிளக்கும். அம்பு செல்லும் பக்கத்தைச் செதுக்கி, இரு முனைகளையும் கைகள் அமரும் சாய்வுக்குச் சீவி, திருகாணிகளுக்குப் பித்தளைப் புரிகளைப் பதித்தார். முதிரைத் தூள் தோலை அரிக்கும் என்பதால் வேலை முடியும்வரை முகத்தில் துணி கட்டியிருந்தார். கடைசியில் நாணைப் பூட்டி, அது இரு கைகளின் நடுவிலும் பிடியின் நடுவிலும் ஒரே கோடாகச் செல்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். ஒரு முனை இம்மியளவு திரும்பியிருந்தாலும் கை முறுக்கிக்கொள்ளும்.

அப்போதுதான் மருமகன் கேட்டான்: "மாமா, இந்த ஊரில் முன்பு வில் வைத்திருந்தவர்கள் யார்?"

முப்பது ஆண்டுகளாக மாத்தளையைப் பற்றி எழுதிவருகிறேன். 1848 கிளர்ச்சி, அளுவிகாரை, முத்துமாரியம்மன் தேர், தோட்டங்கள் என்று எழுதாத பொருள் குறைவு. இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை.

விடை நூல்களில் இருக்கிறது. 'மாத்தளைக் கடயிம்பொத்த' என்னும் சிங்கள எல்லை நூல் 17ஆம் நூற்றாண்டு மாத்தளையைப் பற்றிப் பேசுகிறது. கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனின் தமையன் விஜயபாலன் இப்பகுதியை ஆண்ட காலம் அது. நாலந்த, பலாபத்வெல, தொம்பவெல, கலேவெல என்று ஊர் ஊராக, அங்கங்கே இருந்த வேடர் தலைவர்களின் பெயர்களை அந்நூல் அடுக்குகிறது. மாவட்டத்தின் எல்லையைக் காவல் காத்தவர்களாகவும் அவர்களில் சிலரைக் குறிப்பிடுகிறது. காட்டில் மறைந்து திரிந்த நாடோடிகளாக அல்ல, அரசு அறிந்திருந்த எல்லைக் காவலர்களாகவே அவர்கள் அதில் வருகிறார்கள்.

அவர்கள் வில் எத்தகையது? 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் வில்லேந்திய வேடரின் படமொன்றைச் சேர்த்தார். அம்பு முனை பெறும் முறையையும் அவர் விவரிக்கிறார். வேடர் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவர்; வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் அருகில் வைப்பர். கொல்லன் அவ்வாறே செய்து அதே இடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிடில் ஓர் இரவு அம்பு வரும். சொல்லில்லாத ஒப்பந்தம் அது. வில்லோ ஒரே மரம். நடுவில் தடித்து முனைகளை நோக்கி மெலிவது. தனிப் பிடியோ பூட்டோ இல்லை.

மாத்தளையின் இன்னொரு கைத்தொழிலும் வில்லைத் தொட்டிருக்கிறது. கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலில் ஹப்புவிட அரக்குவேலை இடம்பெறுகிறது. சூட்டில் இளகிய அரக்கை மெல்லிய இழைகளாக நீட்டி, மரத்தின்மேல் ஒட்டிப் பெருவிரல் நகத்தால் நறுக்கும் வேலை அது. ஈட்டிக் காம்பு, விருதுக் கோல் ஆகியவற்றோடு கண்டிக் காலத்து வில்களும் அரக்கு பூசப்பட்டன. காட்டில் வேட்டைக் கருவியாக இருந்தது அரசவையில் அலங்காரமாயிற்று.

அந்த வேடர் எங்கே போயினர்? பயிர்செய்யும் சிங்களக் கிராமத்தாரோடு கலந்துவிட்டனர் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. இன்று வேடர் என்றதும் தம்பானையும், கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடரும்தான் நினைவுக்கு வருகின்றனர்; மாத்தளை வருவதில்லை.

இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கிய என் முன்னோர், தம்புள்ளை, நாலந்த வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் பலர். அந்தத் துயரை நான் பலமுறை எழுதியிருக்கிறேன், எழுதவும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும், ஆளில்லாக் காட்டுக்குள் அவர்கள் நுழைந்ததாகவே எழுதினேன். நாலந்தவுக்கு ஒரு வேடர் தலைவன் இருந்தான். அவன் பெயர் ஏட்டிலும் இருந்தது. நம்மை வரலாற்றில் விட்டுவிட்டார்கள் என்று குறைப்படும் நாமே, நமக்கு முன் அங்கிருந்தவர்களை விட்டுவிட்டோம்.

மருமகன் புறப்படுமுன், பிடியின் உட்புறத்தில் ஏதேனும் பொறிக்க விரும்பினான். மாத்தளை என்று பொறிக்கச் சொல்வான் என எண்ணினேன். "நாலந்த" என்றான். தச்சர் சிற்றுளியை எடுத்தார்.